பாமா பேரில் ஓடிய வண்டி

மல்லேஸ்வரம் பதினைந்தாவது கிராஸில் கோதண்டராமன் வீட்டு ஷெட்டில் நிற்கும் சிவப்பு டர்போ கார் இதுவரை ஒரு லட்சத்து அறுபத்து மூவாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் ஒரு கிலோமீட்டர்கூடக் காரில் ஏறவில்லை. அத்தனையும் அவர் மனைவி பாமாவின் காலில் ஏறியது. கார் மீட்டர் 4,118-ல் நிற்கிறது. வாங்கிய அன்றும் அதைத்தான் காட்டியது. டயரில் பட்டன் தேயவில்லை, சீட்டுத் துணியில் சுருக்கம் விழவில்லை, கிளட்ச்சை மிதித்தால் நேற்று வாங்கிய வண்டி மாதிரி இருக்கிறது. பாமாவுக்கோ இரண்டு முழங்காலிலும் எலும்போடு எலும்பு உரசித் தேய்ந்துபோயிற்று. குதிகால் வெடிப்பில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகி நிறுத்தலாம். பெட்ரோல் மட்டும் எல்லா வண்டிகளையும் போலவே தீர்ந்தது. அதைக் கோதண்டராமன்தான் போட்டார் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

கோதண்டராமன் அந்தக் காலத்தில் மாநிலப் பொதுப்பணித் துறையில் உதவி இன்ஜினியர். தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் குமாஸ்தா வேலைக்கு வந்து மல்லேஸ்வரத்தில் தங்கியவர். அப்பாவும் அரசாங்க உத்தியோகம்தான். 1986-ல், ஊரைவிட்டுப் போன ஒரு தூதரகத்துக்காரரின் கார் சென்னையில் ஏலத்துக்கு வந்தது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு, சுவிட்சைத் தட்டினால் பானெட்டுக்குள்ளிருந்து எழுந்து நிற்கும் ஹெட்லைட், வேகம் பிடிக்கும்போது ஒரு கணம் தயங்கிவிட்டு அப்புறம் முதுகில் கைவைத்துத் தள்ளுகிற டர்போ. பார்த்த நிமிஷமே அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஆனால் அரசு ஊழியர் விலை கூடிய எதை வாங்கினாலும் இலாகாவுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். பணம் ஏது என்று மேலிருந்து கேள்வி வரும். உத்தியோகக் குடும்பங்களில் இதற்கு ஒரு கைகண்ட வழி இருந்தது, மனைவி பேரில் வாங்கிவிடுவது. பணமும் பாமாவின் அப்பா திருச்சியில் மனை விற்றுக் கொடுத்ததுதான் என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. அந்த நாளில் மல்லேஸ்வரத்து ஸ்கூட்டர்களில் முக்கால்வாசிக்கு உரிமையாளர்கள், சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்றுகூடத் தெரியாத பெண்கள். காரை லாரியில் ஏற்றிப் பெங்களூருக்குக் கொண்டுவந்து, தூதரகப் பதிவு கணக்கில் வராது என்பதால் முதல் ஓனர் என்று பாமா பேரையே ஆர்.சி. புத்தகத்தில் எழுதி வாங்கினார்கள். அவருக்கு இருபத்து மூன்று வயது, கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது.

முதல் பயணம் கோலாருக்கு. கோதண்டராமன் காலையில் தனியாகப் போய்விட்டு நாலு மணிக்குத் திரும்பினார். அன்று முழுவதும் சமையலறையைவிட்டு வெளியே வராத பாமாவின் உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம் கொப்புளமாக வெடித்திருந்தது. அடுத்த கிராஸில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் கோவிந்தப்பா வந்து பார்த்தார்.

"ஏனம்மா, கோலார் வரைக்கும் நடந்தே போயிட்டு வந்தீங்களா?"

"நான் எங்க போனேன் டாக்டர்? அவர்தான் போனார்."

கோவிந்தப்பா வெளியே போய் மீட்டரைப் பார்த்தார், டயரைத் தடவினார், ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தார். "பேரு இவங்களுது. அப்போ தேய்மானமும் இவங்களுக்குத்தானே வரும்? அஷ்டே," என்று கன்னடத்தில் 'அவ்வளவுதான்' சொல்லி முடித்துவிட்டுக் களிம்பு எழுதிக் கொடுத்தார். பாமா பேரில் ஒரு அட்டை போட்டு முதல் வரியில், கோலார், போக வர, 140 என்று குறித்துக்கொண்டார். அதன்பின் அந்த அட்டை ஒரு கத்தையாயிற்று.

கோதண்டராமன் கல்நெஞ்சக்காரர் இல்லை. பதினைந்து நாள் காரைத் தொடாமல்தான் இருந்தார். பதினாறாம் நாள் காலை காப்பி குடித்துக்கொண்டே, "இன்னிக்கி கால் எப்படி இருக்கு?" என்று கேட்டார், மழை வருமா என்று கேட்கிற மாதிரி. "பரவாயில்ல, போயிட்டு வாங்கோ," என்றார் பாமா. என்ன சொல்லியிருக்க முடியும்? இருபத்து மூன்று வயதில் கால் ஆறிவிடத்தான் செய்தது. இந்தக் கேள்வியும் பதிலும் பிறகு முப்பத்தெட்டு வருஷம் அந்த வீட்டில் நடந்தன. அவர் கேட்காமல் ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை. மகள் சிந்து வயிற்றில் இருந்தபோது பத்து மாதம் காருக்கு உறை போட்டு மூடிவைத்தார்; தன் நண்பர்களிடம் அதைத் தியாகமாகச் சொல்லிக்கொண்டதும் உண்டு. பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் உறையைக் கழற்றினார்.

வீட்டைவிட்டு நகராமலே பாமா கர்நாடகத்தில் பாதியைத் தெரிந்துகொண்டார். தும்கூர் ரோட்டில் புதுத் தார் போட்டால் அவருடைய பாதத்துக்குத் தெரிந்தது. நந்தி மலை வளைவுகள் ஒவ்வொன்றும் கணுக்காலில் திருகின. கணவர் நெடுஞ்சாலையில் டர்போவை விரட்டும்போது, இங்கே அடுப்படியில் பாமாவுக்கு ஒரு கணம் ஒன்றுமில்லாமல் இருந்து, அடுத்த கணம் மூச்சு இரைத்தது; மேடையைப் பிடித்துக்கொண்டார். தெருக்காரர்கள் ஹாசனுக்கோ ஷிமோகாவுக்கோ கிளம்புவதற்கு முன் பாமா மாமியிடம் வந்து ரோடு எப்படி என்று கேட்டுப் போனார்கள். அரசிகெரே தாண்டி இடதுபக்கம் பெரிய பள்ளம் இருக்கிறது என்று அவர் சொன்னால் இருந்தது. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் என்ன மரம் நிற்கிறது என்று மட்டும் சொல்லத் தெரியாது. ஊர்களின் குண்டும் குழியும் அவருக்கு வந்ததே தவிர, ஓர் ஊரின் காற்றுகூட வந்ததில்லை.

பாமாவின் தங்கை கல்யாணம் சேலத்தில். அதற்கு முந்திய இரண்டு நாள் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஊட்டிக்கு அணிவகுத்துப் போனார்கள், கோதண்டராமனும் போனார். முகூர்த்தத்தன்று பாமாவால் பாயிலிருந்து எழுந்து நிற்க முடியவில்லை. கல்யாண போட்டோவில் அவர் இல்லாததற்குத் தங்கை பல வருஷம் முகம் தூக்கிவைத்திருந்தாள். அப்புறம் கோயில் நின்றது, பிறகு எட்டாவது கிராஸ் கடைவீதி நின்றது, பிறகு வாசலில் இருக்கிற ஐந்து படி. சம்பிகே ரோட்டில் மெட்ரோ ஓட ஆரம்பித்தபோது தெருவே ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு வந்து கதை சொன்னது. பாமா அதைக் கேட்டுக்கொண்டார். ஐம்பத்து மூன்று வயதுக்குள் அவருடைய உலகம் ஹாலில் தொடங்கிச் சமையலறையில் முடிந்தது. நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். சில நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, ஷெட்டில் பளபளவென்று நிற்கும் காரையே பார்த்துக்கொண்டிருப்பார். அதைக் கொளுத்திவிடலாம் என்று தோன்றும். கொளுத்தினால் யார் உடம்பு எரியும் என்று யோசனை வரும், ஜன்னலைச் சாத்திவிடுவார்.

2015-ல் கோதண்டராமன் ஓய்வு பெற்றார். இலாகா, நோட்டீஸ், கேள்வி எதுவும் இனி இல்லை. வண்டியை உங்கள் பேருக்கே மாற்றிக்கொள்ளுங்களேன் என்று பாமா அப்போது ஒருமுறை கேட்டார். "மாத்தினா நான் செகண்ட் ஓனர் ஆயிடுவேன். ஒரே ஓனர்ங்கறதுதான் இந்த வண்டிக்கு மதிப்பே. உனக்குப் புரியாது," என்றார் அவர். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்பினார். ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர்கள் ஃபிட்னஸ் பார்க்கும்போது சேஸிஸ் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு வண்டியை ஆயுசில் பார்த்ததில்லை என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அந்தக் கைகுலுக்கலிலேயே அவருக்கு அடுத்த ஐந்து வருஷம் ஓடிவிடும்.

விற்கும் பேச்சு போன வருஷம்தான் வந்தது. கோவிந்தப்பா காலமாகிவிட்டதால், அவர் வைத்திருந்த அட்டைக் கத்தையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, சிந்து தன் அம்மாவை எலும்பு சர்ஜன் டீனாவிடம் கூட்டிப்போனாள். டாக்டர் டீனா எல்லா அட்டைகளையும் நிதானமாகப் படித்தார். இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்ற வேண்டும், ஆனால் இப்போது மாற்ற மாட்டேன் என்றார். "புது மூட்டு பதினஞ்சு, இருபது வருஷம் வரும் மேடம். அது வீட்ல, ரோட்ல நடக்கறதுக்கு. வருஷத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர்னா மூணு வருஷத்துல திரும்பத் திறக்கணும். முதல்ல அந்தக் காருக்கு ஒரு வழி பண்ணிட்டு வாங்க." பெரிய ஆஸ்பத்திரிகளில் இப்படிப் பளிச்சென்று பேசுகிறவர்கள் குறைவு. கோதண்டராமன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் விளம்பரத்தை அவரே எழுதினார்: 1986 பதிவு, டர்போ, ஒரே ஓனர், லேடி ஓனர், 4,118 கி.மீ. மட்டுமே, கீறல் கிடையாது. சிந்து அதைப் படங்களோடு இணையத்தில் ஏற்றினாள்.

பத்துப் பன்னிரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு ஏக்கத்தோடு போனார்கள். வாங்கியே தீருவேன் என்று வந்தவன் சுஹாஸ். ஓசூரில் வளர்ந்தவன், தொம்மலூரில் சொந்தமாக சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறான், முப்பத்து நாலு வயது. மனைவி ஸ்னேஹாவையும் அழைத்து வந்திருந்தான். அவள் காலையில் கப்பன் பார்க்கில் ஓடிவிட்டு அப்படியே வந்திருந்தாள். சுஹாஸ் கோதண்டராமனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஹெப்பால் வரை ஓட்டிப் பார்க்கப் போனான். ஸ்னேஹா ஹாலில் பாமாவோடு உட்கார்ந்திருந்தாள். சதாசிவ நகரைத் தாண்டியதும் பாமா சோபாவின் கையை இறுகப் பிடித்தார். மேக்ரி சர்க்கிளில் அவருக்கு மூச்சு இரைத்தது. ஏர்போர்ட் ரோட்டில் அவன் வண்டியை விரட்ட விரட்ட, ஸ்னேஹாவின் கண்ணெதிரே அந்தப் பாதங்கள் வீங்கி, கொலுசுத் தடத்தில் சதை பிதுங்கி, குதிகாலில் ரத்தம் கசிந்தது. அவள் ஓடிப்போய் ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவந்து அந்தக் காலை அதில் வைத்தாள். என்ன ஆன்ட்டி இது என்று கேட்டதற்கு, பாமா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். இவ்வளவு நாளில் முழுக் கதையையும் அவரிடம் யாரும் கேட்டதில்லை.

சுஹாஸ் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தான். விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை.

"ஆனா ஒண்ணு அங்கிள். நேம் டிரான்ஸ்ஃபர் மட்டும் வேண்டாம். ஆன்ட்டி பேர்லயே இருக்கட்டும். ஃபர்ஸ்ட் ஓனர்னு இருக்கற வரைக்கும்தான் ஷோவுல மரியாதை. என் பேர் ஏறிச்சுன்னா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்."

"அடிக்கடி ஓட்டுவியாப்பா?" என்று பாமா கேட்டார்.

"ஓட்டாம? வாரா வாரம் சிக்கமகளூரு. மீட்டர் ஏறவே ஏறாதுன்னு அங்கிள் சொன்னார், செம்ம!"

பாமா கணவரைப் பார்த்தார். கோதண்டராமன் பாமா கையெழுத்துப் போட வேண்டிய விற்பனை ஃபாரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். "அதான் புது மூட்டு வெச்சுக்கப் போறியே," என்றார் நிமிர்ந்து பார்க்காமல். "ஸ்டீல். தாங்கும்."

பாமாவுக்குக் கோபம் வருவதற்கு முன்னால் பயம்தான் வந்தது. கணவருக்கு எழுபது வயது. இப்போதெல்லாம் மாதம் இரண்டு முறைக்கு மேல் வண்டியை எடுப்பதில்லை, எடுக்கும்போதும் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறார். இவன் கேட்க மாட்டான். தான் படுத்த படுக்கையாகக் கிடக்கும்போதும் இவன் சார்மாடி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருப்பான். செத்தாலொழிய விடுதலை இல்லை, செத்தாலும் ஆர்.சி.யில் பேர் இருக்குமே என்று நினைத்தார். கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அந்த வீட்டில் அவர் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கோதண்டராமனுக்கு அது காதில் சரியாக ஏறாமல், பேனா எழுதவில்லையா என்று கேட்டார். நிலைமை புரிந்ததும் சுஹாஸ் உடனே இறங்கி வந்தான். சரி, அப்படியானால் ஸ்னேஹா பேருக்கு மாற்றிக்கொள்கிறேன், லேடி ஓனர் என்றாவது இருக்கட்டும், சும்மா பேருக்குத்தானே என்றான். ஸ்னேஹா எழுந்தாள். வாசலுக்குப் போய் ஷூ லேஸை இரண்டு முடிச்சாகப் போட்டாள். "எனக்கு ஓடறதுக்கு இந்த ரெண்டு கால்தான் இருக்கு சுஹாஸ். வேற பேர் பாரு," என்று சொல்லிவிட்டுத் தொம்மலூரை நோக்கி ஓடியே போய்விட்டாள். அவன் அவள் பின்னால் ஆட்டோ பிடித்துப் போனான்.

அதற்குப் பிறகு வந்தவர்களும் அதையே கேட்டார்கள். ஒரே ஓனர் வண்டியை வாங்க எல்லோருக்கும் ஆசை, இரண்டாவது ஓனராக யாருக்கும் விருப்பமில்லை. மூன்று வாரம் வீட்டில் பேச்சு நின்றது. பிறகு ஒரு காலையில், காப்பி டபராவைக் கணவர் முன்னால் வைத்துவிட்டு, அவர் காலைப் பற்றிக் கேட்பதற்குள் பாமா பேசினார். "வண்டிய உங்க பேருக்கு மாத்திக்கோங்கோ. அப்புறம் யாருக்கு வேணா குடுங்கோ. இல்லேன்னா இந்த ஜென்மத்துல என் கையெழுத்து கிடையாது." ஏறக்குறைய நாற்பது வருஷத்தில் அந்தக் காரில் அவருக்கென்று இருந்தது அந்தக் கையெழுத்து ஒன்றுதான், அதை அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கோதண்டராமன் கெஞ்சினார், கத்தினார், சிந்துவை விட்டுச் சொல்லிப் பார்த்தார். சிந்து அம்மா பக்கம் நின்றாள். கடைசியில் ஒத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல்தான் ஒத்துக்கொண்டாரே தவிர, தன் பேர் ஏறினால் என்ன நடக்கும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருஷம் பக்கத்திலேயே இருந்து பார்த்த ஒன்று தனக்கும் நடக்கலாம் என்று தோன்றாமலே ஒரு மனிதரால் இருக்க முடிந்திருக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மாடியில் இருந்ததால் இரண்டு பேர் பாமாவை நாற்காலியோடு தூக்கிப்போனார்கள். அவர் நிறுத்தி நிதானமாக எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

கோதண்டராமன் பேரில் புது ஆர்.சி. அட்டை ஒரு வியாழக்கிழமை தபாலில் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு யஷ்வந்த்பூர் வரை போய், டயருக்குக் காற்றடித்துவிட்டு வந்தார். திரும்பி வந்தவரால் காரைவிட்டு இறங்க முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழே வைத்தார், ஐயோ என்று திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து ஹாலில் உட்காரவைத்தார். உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு கோதண்டராமன் வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார். அப்புறம், "உனக்கும் இப்படித்தான் இருந்துதா?" என்று கேட்டார்.

"இதுவா?" என்றார் பாமா. "இது யஷ்வந்த்பூர்."

அன்று போட்ட உறையை அவர் பிறகு கழற்றவில்லை. அடுத்த மாதம் சுஹாஸ் போன் செய்தான். மனசு கேட்கவில்லை, செகண்ட் ஓனர் வண்டியானாலும் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன், மூன்றாவதாக என் பேரை ஏற்றாமல் அங்கிள் பேரிலேயே விட்டுவிடலாம் என்றான். கோதண்டராமன் போட்ட சத்தத்தில் தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். என் பேரில் இருக்கிற வண்டியை இன்னொருத்தன் ஓட்டுவதா, மனுஷன் உடம்பு என்னத்துக்கு ஆகும், கொஞ்சமாவது ஈவிரக்கம் வேண்டாமா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார். பாமா உள்ளேயிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பருப்பு குக்கர் நாலு விசில் விட்டும் அவர் அடுப்பை அணைக்கவில்லை.

டாக்டர் டீனா புது ஆர்.சி. அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார். ஒரு கால் ஜூலையில், மற்றது செப்டம்பரில். டிசம்பரில் பாமா வாக்கரை விட்டுவிட்டுக் கைத்தடிக்கு வந்தார். பழைய கிலோமீட்டர்கள் எங்கும் போய்விடவில்லை, குளிர்நாளில் இடுப்பிலும் முதுகிலும் ஷிமோகா ரோடு முழுவதும் வலிக்கிறது. ஆனால் புதிதாக எதுவும் ஏறவில்லை. காலையில் எழுந்ததும் கால், இரவு படுக்கும்போது எப்படி இருந்ததோ அப்படியே இருப்பது அவருக்குப் பல நாள் நம்ப முடியாத ஆச்சரியமாக இருந்தது.

பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம். கோதண்டராமன் ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உறைக்கு மேலேயே காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாமா ஐந்து படியையும் தானாகவே இறங்கி வந்து அவர் எதிரில் நின்றார். வாங்கிய நாளிலிருந்து பாமா அந்தக் காரில் ஏறி எங்கேயும் போனதில்லை.

"ஏன்னா, ஒரே ஒரு தடவை என்னை இதுல சாங்கி ஏரி வரைக்கும் கூட்டிண்டு போங்களேன்."

கோதண்டராமன் மனதுக்குள் தூரத்தைப் போட்டுப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. "போக ஒண்ணு, வர ஒண்ணு. ரெண்டு கிலோமீட்டர் ஆயிடுமேடி," என்றார். "என் கால் என்னத்துக்கு ஆறது?"

அதில் குத்தல் இல்லை, வெட்கமும் இல்லை. ஒரு நல்ல மனிதர் தன் கஷ்டத்தைச் சொல்கிற குரலில்தான் சொன்னார். பாமா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்காமல் கண்ணில் நீர் வந்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு அழுகிற மாதிரி சிரித்தார். என்னடி, என்னடி என்று கோதண்டராமன் பயந்துபோய்க் கேட்டார். பாமா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டைத் திறந்து வெளியே போனார்.

சாங்கி ஏரிக்குப் போய்ச் சேர அவருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். ஏரியில் நாரைகள் இருந்தன, கரையோரத்து மரங்களில் பூ இருந்தது, சுண்டல் விற்கிறவன் இருந்தான். தண்ணீரை ஒட்டிப் போகும் பாதையில் மெல்ல ஒரு சுற்று சுற்றி வந்து, ஆரம்பித்த இடத்தில் நின்றபோது வீட்டிலிருந்து போன் வந்தது. இருட்டப் போகிறது, எப்போது வருவாய் என்று கோதண்டராமன் கேட்டார். வருவேன் என்று சொல்லிவிட்டுப் பாமா இன்னொரு சுற்று கிளம்பினார்.